வாசலோடு நின்றவர்

லண்டன் நோர்பரியில் எங்கள் தமிழ்க்கடைக் கண்ணாடியில் மரண அறிவித்தல்கள் ஒட்டுவார்கள். படம், பிறந்த ஊர், பிள்ளைகள் இருக்கும் நாடுகள், பூசை எந்தக் கோயிலில், எத்தனை மணிக்கு. எங்கள் ஆட்கள் மரக்கறிப் பையோடு ஒரு நிமிடம் நின்று பார்த்து, "அட, இவரோ" என்றுவிட்டுப் போவார்கள். ஒரே ஒரு வெள்ளைக்காரர் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பார். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. படத்தைப் பார்ப்பார், நேரத்தைப் பார்ப்பார், ஆங்கிலத்தில் போட்டிருக்கும் கோயில் விலாசத்தைப் பார்ப்பார். அவர் என் கீழ்வீட்டுக்காரர்.

இத்தாலிக்காரர். ஒரு காலத்தில் தன் நாட்டில் சோசலிசக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர். கொஞ்ச நாள் தபால் துறைக்குத் துணை அமைச்சராகவும் இருந்திருக்கிறார். "கதிரை சூடாக முதல் அரசாங்கம் கவிண்டிட்டுது" என்பார். இதை அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார், அதுவும் பாதி இத்தாலி கலந்த ஆங்கிலம். நான் பதில் சொன்னது பாதி யாழ்ப்பாணம் கலந்த ஆங்கிலம். இரண்டும் எப்படி ஒன்றையொன்று விளங்கிக்கொண்டன என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஆனால் என் ஞாபகத்தில் அவர் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார். அப்படியே எழுதிவிடுகிறேன்.

என் கணவரின் செத்தவீட்டில்தான் அவரை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். அதுவரை படியில் கண்டால் தொப்பியைத் தூக்குகிற ஒரு கிழவர், அவ்வளவுதான். பெட்டியை எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குள் கொண்டுபோகிறார்கள், நான் பின்னால் போகிறேன். வாசலுக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, நீலக் கோட்டும் சிவப்பு டையுமாக அவர் நிற்கிறார். கோட்டில் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூ. தொப்பி நெஞ்சோடு. பூசை முடிந்து வெளியே வந்தபோதும் அதே இடத்தில் அப்படியே நிற்கிறார். தூறல் வேறு.

இதைக் கண்டு எங்கள் சனம் குழம்பிப்போனது. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தவீட்டுக்கு வந்தும் உள்ளே வராமல் வாசலில் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இறந்தவரோடு சண்டை, பேச்சுவார்த்தை இல்லை. வேலிச் சண்டையோ சீதனச் சண்டையோ, செத்த பிறகு வராமல் இருக்க மனம் கேட்காது, உள்ளே வரவும் ரோசம் விடாது. வாசலில் நிற்பார்கள். அப்போது குடும்பத்தில் யாராவது ஒருவர் போய்க் கையைப் பிடித்து, நடந்ததை மறந்து உள்ளே வாருங்கள் என்று கூப்பிட வேண்டும். அதுதான் முறை.

என் கணவரின் தம்பி அன்ரன் என் காதோடு கேட்டான்: "மச்சாள், அந்த வெள்ளைக்கார மனிசனோட அண்ணைக்கு என்ன பிரச்சினை?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன். ஆனால் இருக்காது என்றும் சொல்ல முடியாது. என் மனிதர் குப்பைத் தொட்டிக்காகவே தெரு முழுவதோடும் சண்டை பிடித்தவர்.

அன்ரன் போனான். நான் கலியாணம் முடித்து வந்தபோது அரைக்காற்சட்டையோடு திரிந்த பொடியன், இன்று குடும்பத்துக்கு மூத்த ஆண். அவருடைய கையைப் பிடித்து, "என்ன நடந்திருந்தாலும் மறந்திடுங்கோ, உள்ள வாங்கோ" என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறான். அவர் அதைத் தமிழர்களின் வணக்கம் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, அவன் பெயரைக் கேட்டு, வேலையைக் கேட்டு, வேலையிடத்தில் தொழிற்சங்கம் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறார். அன்ரன் திரும்பி வந்து, "சமாதானம் ஆகிட்டார் மச்சாள். ஆனா உள்ள மட்டும் வரமாட்டாராம்" என்றான்.

முப்பத்தோராம் நாள் பூசை கழிந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. மீன் ரோல்ஸ் பொரித்து ஒரு தட்டில் வைத்துக்கொண்டு கீழே போய்க் கதவைத் தட்டினேன். "என்ர மனிசனோட உங்களுக்கு என்ன சண்டை?" என்று நேரடியாகவே கேட்டேன். நான் கொஞ்சம் வாய்க்காரி. பள்ளிக்கூடச் சமையலறையில் அத்தனை வருடம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

அவர் கண்ணை விரித்தார். பிறகு சிரித்தார். என்னை எப்போதும் 'சினியோரா', அவர் மொழியில் 'அம்மணி', என்றுதான் கூப்பிடுவார்.

"உங்கட மனிசனோட ஒரு சண்டையும் இல்லை, சினியோரா. நல்ல மனிசன். ஒருக்கா என்ர குப்பைத் தொட்டியையும் சேர்த்து உள்ள எடுத்து வைச்சவர். என்ர சண்டை கோயிலோட."

அவருடைய தகப்பன் ரயில் பாதையில் வேலை செய்த சிவப்புக் கட்சிக்காரர். இறந்தபோது தாய் பூசை கேட்டிருக்கிறா. அந்த ஊர்ப் பாதிரியார், கட்சியை விட்டு விலகாமல் செத்தவனுக்குக் கதவு திறக்க மாட்டேன் என்று பூட்டிவிட்டார். கதவுக்கு முன்னால், கோயில் முற்றத்தில், சனம் பெட்டியோடு நின்றிருக்கிறது. யாரோ ஒரு பேச்சுப் பேசியிருக்கிறார்கள். பிறகு சுடலைக்குப் போய்விட்டார்கள். இவர் அப்போது வளர்ந்துவரும் பொடியன்.

"அண்டைக்குப் பிறகு கதவு எத்தினையோ தரம் திறந்திட்டுது. நல்லது. திறக்கிற ஆக்களுக்கு நன்றி சொல்லுவன். ஆனா நான் முற்றத்திலதான் நிப்பன்."

அவருடைய ஊரில் கட்சிக்காரர் எல்லோரும் அப்படித்தானாம். பெட்டி உள்ளே போகும், பெண்கள் உள்ளே போவார்கள், கட்சி ஆண்கள் பூசை முடியும்வரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார்கள். பெட்டி வெளியே வந்ததும் பின்னால் நடப்பார்கள். மரியாதையும் கொடுத்தாயிற்று, கொள்கையையும் விடவில்லை. கேட்க நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் நான் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக்காரி, ஞானஸ்நானத்திலிருந்து கோயிலுக்குள்ளேயே வளர்ந்தவள், பாட்டுக் குழுவில் இருக்கிறவள். "கடவுளோட என்ன ரோசம் வேண்டிக்கிடக்கு?" என்றேன்.

"கடவுளோட இல்லை, சினியோரா. கதவோட" என்றார். ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்து, உறைப்பில் கண் கலங்கி, இன்னொன்றையும் எடுத்தார்.

எங்கள் ஆட்களின் செத்தவீடுகளுக்கு அவர் ஏன் வருகிறார் என்பதற்கும் அன்று பதில் கிடைத்தது. இத்தாலியில் அவருடைய ஊரில், இறந்தவரின் பெயரைப் பெரிதாக அச்சடித்துத் தெருச் சுவர்களில் ஒட்டுவார்களாம். காலையில் கோப்பி குடிக்கப் போகிற வழியில் சுவரைப் படித்துவிட்டு, பின்னேரம் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வாராம். மகள் லண்டனில் வங்கி வேலை கிடைத்து அவரை இங்கே கூட்டிவந்தா. பிறகு மகளை எடின்பரோவுக்கு மாற்றிவிட்டார்கள். இவர் நோர்பரியில் தனியே. வந்த புதிதில் சுவர் சுவராகத் தேடியிருக்கிறார்.

"ஒரு நோட்டீஸ் இல்லை. இந்த ஊரில ஒருத்தரும் சாகிறதில்லையோ எண்டு நினைச்சன். பிறகுதான் உங்கட கடைக் கண்ணாடியைக் கண்டன். லண்டனில நீங்கள்தான் ஒழுங்காச் சாகிறியள்."

நான் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் எனக்கு அழுகை வந்தது, ஏனென்றால் அந்தக் கண்ணாடியில் அப்போதும் என் மனிதரின் நோட்டீஸ் ஒரு மூலையில் இருந்தது. அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது.

அதன்பிறகு நாங்கள் செத்தவீடுகளுக்குச் சேர்ந்தே போகத் தொடங்கினோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் மகன் மெல்பேர்னில். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான், "அம்மா, சாப்பிட்டீங்களா" என்பான், பின்னால் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்கும், வைத்துவிடுவான். கீழே இவருக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். இரண்டு தனி ஆட்கள் வெளியே போவதற்கு ஒரு காரணம் வேண்டும். சிலர் பார்க்குக்குப் போவார்கள். நாங்கள் செத்தவீட்டுக்குப் போனோம்.

தோர்ன்டன் ஹீத் பக்கம் பஸ்ஸில் போவோம். நான் உள்ளே போவேன், பாடுவேன். அவர் வெளியே நிற்பார். முடிந்து வந்தால், குடும்பத்தில் ஒவ்வொருவருடைய கையையும் இரண்டு கையாலும் பிடித்துப் பெயர் கேட்பார். அடுத்த தடவை கடையிலோ தெருவிலோ கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மன்னார்க்காரர் ஒருவரின் மகனைப் பல மாதம் கழித்து டூட்டிங்கில் சாப்பாட்டுக்கடை வாசலில் கண்டு, "மரிய செபஸ்தியான், அம்மாவுக்கு முழங்கால் சுகமோ?" என்று கேட்டார். அந்தப் பொடியன் திகைத்துப்போனான். அரசியல்வாதியின் பழக்கம் என்று நான் முதலில் நினைத்தேன். வாக்கு கேட்கிற கை அது. ஆனால் கேட்பதற்கு வாக்கு ஒன்றும் இல்லாத இடத்தில் ஒருவர் அப்படியே தொடர்ந்து கை கொடுத்துக்கொண்டிருந்தால் அதை என்னவென்று சொல்வது?

எங்கள் சனம் அவருக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டது: வெளி ஐயா. "வெளி ஐயா வந்திட்டாரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சோடாப் பெட்டியைத் திறப்பார்கள். ஃபாதர் அவருக்காக வாசலுக்கு வெளியே ஒரு வாங்கு போட்டுக் கொடுத்தார். இவர் ஃபாதருக்கு நன்றி சொன்னார், ஒரு நாளும் அதில் உட்காரவில்லை. "நிக்க வந்தனான், இருக்க வரேல்லை" என்றார். அந்த வாங்கில் இப்போது எங்கள் ஆம்பிளைகள் இருந்து சிகரெட் பிடிக்கிறார்கள்.

ஒரு சைவக்காரரின் செத்தவீட்டுக்குப் போனோம். லூயிஷாம் சிவன் கோயிலில் நீண்ட நாள் தொண்டு செய்தவர், கிரியை சுடலை மண்டபத்தில். அங்கே இவர் நேராக உள்ளே போய், முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. என் மனிதருக்கு மழையில் வெளியே நின்றவர் இங்கே மட்டும் எப்படி உள்ளே? வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"இவையளோட எனக்கு ஒரு சண்டையும் இல்லையே" என்றார்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. எங்கள் சனம் பிழையாக நினைத்ததாக அதுவரை சிரித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பிழையாக நினைக்கவில்லை. ஆளைத்தான் மாறி நினைத்தார்கள். சண்டை பிடித்தவனின் வீட்டு வாசலுக்கு வாழ்நாள் முழுவதும் வந்து நிற்கிறவர் அவர்.

அவர் வாயிலிருந்து அரசியல் கதைகளும் வரும். ஒரு தேர்தலில் மலைக் கிராமம் ஒன்றுக்குக் கூட்டம் பேசப் போயிருக்கிறார். மண்டபத்தில் ஒரே ஒரு ஆள். அவனும் கூட்டம் முடிந்ததும் கதவைப் பூட்டுவதற்காக இருந்தவன். இவர் நிலச் சீர்திருத்தம், ஓய்வூதியம், பள்ளிக்கூடம் என்று முழுப் பேச்சையும் பேசி முடித்திருக்கிறார்.

"தேர்தலில அந்த ஊரில எனக்கு ரெண்டு வாக்கு. ஒண்டு அவன்ர. மற்றது ஆர் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டாவது ஆளை நினைத்துக் கொஞ்ச நேரம் சந்தோசமாக இருப்பார்.

ஒரு தடவை மட்டும் அவரோடு நான் பல நாள் பேசாமல் இருந்தேன். உறவென்று யாரும் இல்லாத ஒரு மனிதர், எங்கள் ஆள், அறையில் தனியே இறந்து கவுன்சில் செலவில் அடக்கம். கண்ணாடியில் நோட்டீஸ்கூட இல்லை, கடைக்காரர் வாய்ச்சொல்லாகச் சொன்னார். போனால், பெட்டி கொண்டுவந்த வண்டியில் இரண்டே இரண்டு பேர். தூக்க மிச்ச ஆட்கள் குடும்பத்தில் இருப்பார்கள் என்று வண்டிக்காரர்கள் நினைத்துவிட்டார்களாம். ஃபாதர் ஒரு தோள் கொடுத்தார். நாலாவது தோளுக்கு இவர் முன்னே வந்தார். எண்பதை எட்டிக்கொண்டிருந்த மனிதர். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "என்ர தோழர்மாரைச் சுமந்த தோள் இது" என்றார். தூக்கினார்கள். நேராக நடந்தார்.

வாசற்படியில் நின்றுவிட்டார். உண்மையாகவே நின்றுவிட்டார். பெட்டி ஆடியது, ஃபாதர் தடுமாறினார். நான் பின்னால் நின்று, "ஐயோ, போங்கோ, ஒரு அடிதானே" என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்து, வியர்த்து, அந்த ஒரு படியை ஏற முடியாத முகம். "சினியோரா" என்றார், அவ்வளவுதான். நான் போய் அவருடைய இடத்தில் தோளைக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் பெட்டி சுமப்பதில்லை. என் தாய் கண்டிருந்தால் நெஞ்சில் அடித்திருப்பா. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்த அநாதை மனிதருக்காகப் பாடும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இப்படியும் ஒரு பிடிவாதமா?

அவர்தான் முதலில் மேலே வந்தார். ஆரஞ்சுப் பழம் ஒரு பை. கதவடியில் நின்றார். என் வீட்டுக்குள்ளும் வரமாட்டாரோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "உள்ள வாங்கோ, இஞ்ச சிலுவை சின்னனா ஒண்டுதான் கிடக்கு" என்றேன். வந்தார். அன்றுதான் மேயரின் கதையைச் சொன்னார்.

அவருடைய ஊர் மேயர் அதே கட்சி, சின்ன வயதுத் தோழர். நாடு முழுவதும் அரசியல்வாதிகளை லஞ்சத்துக்காகப் பிடித்துக் கொண்டுபோன காலம் ஒன்று வந்தது. மேயரையும் பிடித்தார்கள். வெளியே விட்ட பிறகு கொஞ்ச நாளில் மனிதர் இறந்துபோனார். செத்தவீட்டன்று இவர் கோட்டும் பூவுமாக முற்றத்துக்குப் போனார். ஒருவரும் இல்லை. மே தினத்துக்குக் கால் வைக்க இடமில்லாமல் நிரம்புகிற முற்றம். கள்ளனின் கூட்டாளி என்று படம் வந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். இவர் தனியே நின்றார். பத்திரிகைக்காரன் ஒருவன் வந்து படம் எடுத்தான். அடுத்த நாள் முதல் பக்கத்தில் இவர்தான். அதன்பிறகு யாரும் இவருக்குக் கை கொடுக்கவில்லை. கொஞ்ச காலத்தில் கட்சியே இல்லாமல் போய்விட்டது.

"நீங்களும் எடுத்தனீங்களோ?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

அவர் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே இருந்தார். "முன்னால வைச்சதில கையெழுத்துப் போட்டன். அது எங்க போகுது, எங்கயிருந்து வருகுது எண்டு நான் கேக்கேல்லை. கேக்காமல் விடுறதும் எடுக்கிற மாதிரித்தான்."

எனக்கு அது பிடிக்கவில்லை. நல்ல மனிதர் என்று முழுமையாக நம்பிவிடலாம் என்று இருந்தேன். அவரே விடவில்லை.

அன்று போகும்போது அவர் என்னிடம் ஒன்று கேட்டார். தனக்குப் பூசை வேண்டாம், பாதிரியார் வேண்டாம், யாராவது நாலு வார்த்தை பேசினால் போதும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் "பிறகு பாப்பம், பப்பா" என்று சொல்லியிருக்கிறா.

"அவள் என்னை உள்ளதான் கொண்டுபோவாள், எனக்குத் தெரியும். கெட்டவள் இல்லை. தனிய நிக்கப் பயப்பிடுறாள். அப்பிடி நடந்தா, சினியோரா, ஒரு ஆள் வெளியில நிக்க வேணும். ஒரு ஆள் போதும்."

"எனக்கு ஏலாது" என்றேன். "நான் உள்ளதான் இருப்பன். உங்களுக்காகச் செபமாலை சொல்லுவன். விருப்பமெண்டா வேற ஆளைப் பாருங்கோ."

"வேற ஆள் இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு சிரித்து, "சரி, அப்ப உள்ளுக்கு எனக்கு ஒரு வாக்கு இருக்கு" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அதற்குப் பிறகும் பல செத்தவீடுகளுக்குப் போனோம். அந்தப் பேச்சை அவர் திரும்ப எடுக்கவேயில்லை. நான்தான் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் வாசலில், "இண்டைக்காவது உள்ள வாங்கோ, குளிருது" என்பேன். அவரை உள்ளே கொண்டுவந்துவிட்டால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்பதுதான் என் கணக்கு. வெளியே ஆள் நிற்க வேண்டிய தேவையே இராது. அவரும் ஒவ்வொரு தடவையும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வார். அதுதான் பதில்.

இந்த வருடம் பனி விட்ட பிறகு, ஒரு காலை கீழே ரேடியோச் சத்தம் கேட்கவில்லை. என்னிடம் அவர் வீட்டுத் திறப்பு இருந்தது. போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். கட்டிலில்தான், நித்திரையில்தான். கோட்டைக் கதிரையில் ஒழுங்காகப் போட்டிருந்தார். அன்று பின்னேரம் நாங்கள் போவதற்கு ஒரு செத்தவீடு இருந்தது.

மகள் வந்தா. கண் வீங்கி, நல்ல உடுப்பு, கையில் போன். எங்கள் பங்குக் கோயிலில் பூசைக்குக் கேட்டிருப்பதாகச் சொன்னா. ஃபாதர் சந்தோசமாக ஒத்துக்கொண்டாராம், எங்கள் எல்லாச் செத்தவீட்டுக்கும் வந்த மனிதர், எங்கள் பங்குக்காரர் மாதிரித்தானே என்றாராம். நான் அவவின் தகப்பன் என்னைக் கேட்டதைச் சொன்னேன். ஒளிக்காமல் முழுவதும் சொன்னேன்.

மகள் போனைக் கீழே வைத்தா. "தெரியும், அன்ரி. ஆனா சுடலை மண்டபத்தில வைச்சா ஆர் வருவினம்? அவற்ற ஆக்கள் எல்லாம் செத்திட்டினம். நானும் நீங்களும் வெறுங் கதிரையளும். என்னால அதைப் பாக்க ஏலாது."

அவவைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. வெறுங்கதிரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் வாசகத்தை நான் வாசிக்க வேண்டும் என்று கேட்டா. ஓம் என்றேன்.

நோட்டீஸை நான்தான் அடிப்பித்தேன். கண்ணாடியில் நடுவில் ஒட்டச் சொன்னேன். தமிழில்தான். படத்தில் தொப்பி, சிவப்பு டை. பிறந்த இடம் இத்தாலி, வசிப்பிடம் நோர்பரி. கடைக்காரர் அதைப் பார்த்து, "வெளி ஐயாவோ" என்று சொல்லிவிட்டு, நிறுவைக்கு நின்றவர்களைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டார். மீன் வெட்டுகிறவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தார். அவருடைய பெயரும் வெளி ஐயாவுக்குத் தெரியும், தங்கச்சியின் பெயரும் தெரியும்.

அன்று கோயில் நிரம்பிவிட்டது. பின்சுவர் ஓரமாகவும் ஆட்கள். மகள் நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தா. பெட்டியை எங்கள் பொடியன்கள் தூக்கினார்கள், அந்த மன்னார்ப் பொடியனும் ஒருவன். நான் வெள்ளைச் சேலை கட்டி, வாசிக்க வேண்டிய பக்கத்தில் அடையாளம் வைத்த புத்தகத்தோடு பெட்டிக்குப் பின்னால் போனேன். எனக்குக் கோட்டு இல்லை, அவருடையதைப் போல ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவை ஊசியால் சேலையில் குத்தியிருந்தேன். ஃபாதர் வாசலில் தண்ணீர் தெளித்தார். பெட்டி படியேறியது. அந்த ஒரு படி.

அப்போது திரும்பி முற்றத்தைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. எல்லோரும் அன்பாக உள்ளே போய்விட்டார்கள். அந்த வாங்கும் வெறுமையாகக் கிடந்தது.

புத்தகத்தை மகளின் கையில் கொடுத்தேன். "நீங்கள் வாசியுங்கோ, பிள்ளை" என்றேன். அவவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பெட்டி போகிறதே என்று போய்விட்டா. நான் படிக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே பாட்டுத் தொடங்கியது. எத்தனையோ செத்தவீடுகளில் நான் எடுத்துக் கொடுத்த பாட்டு. இன்று வேறு யாரோ எடுத்தார்கள், சுருதி கொஞ்சம் ஏறிப்போய்விட்டது. நான் வாய் திறக்கவில்லை. பாவம் செய்கிறேனோ என்று பயமாக இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது. தெருவில் பஸ்கள் போயின. அவர் இத்தனை வருடமும் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது, மெழுகுதிரி வெளிச்சம் மட்டும் தெரிகிறது. அதை அவர் எனக்கு ஒரு நாளும் சொல்லவில்லை.

அரைவாசி சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு அன்ரன் வெளியே வந்தான். அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. நேராக வந்து என் கையைப் பிடித்தான்.

"மச்சாள், என்ன இது? எல்லாரும் பாக்கினம். என்ன நடந்திருந்தாலும் மறந்திட்டு உள்ள வாங்கோ. செத்த மனிசனோட என்ன கோவம்?"

"கோவம்தான், அன்ரன்" என்றேன். "தனக்கு ஒரு ஆள் வெளியில நிக்க வேணும் எண்டு என்னைக் கேட்டவர். என்ர செத்தவீட்டுக்கு ஆர் நிக்கிறது எண்டு நான் கேக்க முதல் போயிட்டார்."

அன்ரன் கையை விட்டான். குளிருக்குத் தன் சால்வையை என் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. பூசை முடியும்வரை நான் நின்றேன்.